திரும்பிப் பார்க்கும் மான்

செம்பாக்கம்
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அண்ணா,

தேவ கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் தாளை அப்பா சொல்லச் சொல்ல எழுதி முடித்துவிட்டேன். இது இரண்டாவது தாள், வழக்கம்போல் அவருக்குப் படித்துக் காட்டாதது. போனில் பேசினால் காற்றோடு போய்விடும், மாதம் ஒரு கடிதம் தமிழில் எழுத வேண்டும் என்று பதினோரு வருஷத்துக்கு முன் நம் அப்பா, ஹெட்மாஸ்டர் ஞானையா, உனக்குப் போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அம்மா இருந்தவரை நான் உறையைப் பிரித்துக் கொடுக்க, உன் கடிதத்தை மாலை ஜெபத்துக்கு முன் அப்பா வாசிப்பார். இப்போது நான் வாசிக்கிறேன். அம்மாவின் வியாதியைப் பற்றி விசாரிக்க நீதான் முதன்முதலில் இந்த இரண்டாவது தாளை உள்ளே வைத்தாய். அதனால் உனக்கு உண்மையைச் சொல்ல எனக்கு இருக்கும் இடம் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா பக்கத்தில் இருக்கிறார், ஸ்பீக்கரில் கேட்கிறார்.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கையிலும் காலிலும் மாற்றம் இல்லை. பேசுவது எனக்கும், பகலில் வரும் சரோஜினி அக்காவுக்கும் மட்டும் புரிகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் நாலுகோடு நோட்டு வாங்கிவரச் சொல்லி இடது கையால் எழுதிப் பழகுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹைதராபாத்தில் மொழியியல் ஆய்வுக்கு எனக்கு இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். இந்த மாதமே சேர்ந்திருக்க வேண்டும். வீட்டு நிலையைச் சொல்லி ஜனவரி வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். நீ நவம்பரில் வந்து ஆறு மாதம் அப்பாவோடு இரு. ஆறே மாதம். அதற்குள் அங்கே நடமாட வசதியான ஒரு வீடு பார்த்து அப்பாவை நான் அழைத்துக்கொள்வேன். உன் வேலையை உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் செய்யலாம் என்று நீயே பலமுறை சொல்லியிருக்கிறாய்.

எனக்கு இருபத்தொன்பது முடிகிறது. இன்னொரு முறை என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
கெசியா


விஸ்கான்சின்
10 செப்டம்பர் 2023

அன்புள்ள கெசி,

நான் சுகம். முதுகு பரவாயில்லை. அப்பா இடது கையால் எழுதுகிறார் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். அவர் யாரையும் சும்மா விடமாட்டார், தன் கையை மட்டும் விடுவாரா?

இந்தத் தாளில் ஒரு ரகசியம். நான் மான் வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். நான் துப்பாக்கி பிடித்தேன் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். பெருங்களத்தூர் ஃபிரெடி நினைவிருக்கிறதா, கொயரில் டெனர் பாடுவானே, அவன் இங்கே பக்கத்து ஊரில்தான் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்த பால்பண்ணைக்காரர் ஒருவரின் நிலம், பின்னால் காடு. அங்கே போகிறோம். எனக்குக் கிடைத்த சீட்டில் ஒரே ஒரு கொம்பு மானைச் சுடலாம். பெட்டை மானைத் தொடக்கூடாது. பருவம் நவம்பர் கடைசியில். இப்போதே போய் இடம் பார்த்து வைக்க வேண்டும்.

நிலம் முழுக்கப் பெட்டை மான்கள். ஒரு மாலையில் இருபத்துமூன்று எண்ணினேன். சோளக்கட்டை மேய்ந்துகொண்டு நம் ஊர்ப் பசுக்கள் மாதிரி நிற்கின்றன. ஒரு கொம்பு கூடக் கண்ணில் படவில்லை. ஃபிரெடி சொல்கிறான், "மச்சான், இது லேடீஸ் ஹாஸ்டல்டா. நம்ம ஆளு ஒருத்தனும் இல்ல. வார்டன் வர்றதுக்குள்ள கெளம்பு."

நவம்பர் பற்றி நிதானமாக எழுதுகிறேன். ஆபீஸில் பேச வேண்டும்.

அப்பாவை நேரத்துக்கு மாத்திரை சாப்பிடச் சொல்.

அன்புடன்,
ஸ்டெபின்


செம்பாக்கம்
1 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். உன்னுடைய சுகத்துக்காகத் தினமும் இரண்டு பேர் ஜெபிக்கிறோம். ஒருவர் சத்தமாக, ஒருவர் வாயசைவில்.

கடிதம் வந்த அன்று சரோஜினி அக்காதான் கேட்டில் வாங்கினார். "இன்னா பாப்பா, அண்ணன் லெட்டர் வந்துகீது. எப்போ வர்றாராம்? இல்ல, லெட்டர் மட்டும்தான் வருமா?" என்றார். நான் சிரித்தேன். அப்பா உறையை இடது கையில் வாங்கி மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். இப்போதெல்லாம் அப்படிச் செய்கிறார். எடை பார்க்கிறாரா, தபால்தலை பார்க்கிறாரா, தெரியவில்லை.

போன வாரம் ஒரு சின்ன சம்பவம். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பரவாயில்லை. ஆகவே முதல் தாளில் எழுதவில்லை. இதிலும் விவரமாக எழுதப்போவதில்லை. குளியலறையில் வழுக்காத விரிப்பு போட்டாயிற்று.

நவம்பர் என்று எழுதியிருந்தேன். நீ நவம்பர் என்று மானுக்கு எழுதியிருக்கிறாய். ஆபீஸில் பேசினாயா? ஜனவரியில் நான் சேர வேண்டுமானால் டிசம்பர் முதல் வாரம் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும்.

அன்புள்ள தங்கை,
கெசியா


விஸ்கான்சின்
29 அக்டோபர் 2023

அன்புள்ள கெசி,

சுகமாக இருக்கிறேன், குளிர் ஆரம்பித்துவிட்டது. அந்தச் சின்ன சம்பவம் என்ன? மறைக்காதே. எனக்கு இங்கே மனசு கேட்கவில்லை.

இந்த நவம்பரில் வர முடியாது. கோபப்படாதே. கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை. வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் பதினோரு வருஷமும் வீண் என்று வக்கீல் சொல்கிறார். அப்பாவுக்கு முடியாமல் போனபோதும் இதனால்தானே வர முடியவில்லை? வந்ததும் முதல் விமானத்தில் ஏறுகிறேன்.

நீ படிப்பதில் ஆர்வமுள்ளவள், அதனால் இதைச் சொல்கிறேன். இத்தனை நாள் நான் தேடியது தப்பான இடத்தில். பெட்டைகள் மேயும் வெட்டவெளியில் கொம்பு மான் நிற்காது. அதே இடத்தை ஒட்டி, காற்று அடித்துப் போகும் பக்கத்தில், அடர்ந்த புதருக்குள் நிற்கும். அங்கே நின்றால் கூட்டம் முழுவதன் வாசனையும் அதற்கு வந்து சேரும். எது எங்கே இருக்கிறது, எதற்கு என்ன பருவம் என்று எல்லாம் தெரிந்துகொள்ளும். தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளாது.

அதனால் கொம்பு மானைத் தேடி அலையக்கூடாது. பெட்டைகளைக் கலைக்காமல் அவற்றின் பக்கத்திலேயே பேசாமல் உட்கார வேண்டும். அவை நிம்மதியாக இருந்தால் போதும், இணை சேரும் நாட்களில் அது தானாக வரும். இன்னொன்று, பண்ணைக்காரர் சொன்னது. ஒரு பெட்டை நடந்து போகும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தால் நீ அந்தப் பெட்டையைப் பார்க்காதே. அது பார்க்கும் இடத்தைப் பார். பின்னால் ஒருவன் வந்துகொண்டிருக்கிறான்.

அப்பாவுக்கு என் முத்தங்கள்.

ஸ்டெபின்


செம்பாக்கம்
26 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணா,

அப்பா சுகம், நான் சுகம், வீடு சுகம். மழையில் ஏரி நிரம்பித் தெருமுனை வரை தண்ணீர் வந்தது, உள்ளே வரவில்லை.

ஹைதராபாத்துக்கு எழுதினேன். ஜூலை முப்பத்தொன்று வரை கொடுத்திருக்கிறார்கள். கடைசி என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நீ சொன்னது மெய்யா என்று பார்க்க நேற்று நான் படித்த கல்லூரிக் காட்டுக்குப் போனேன். அங்கே புள்ளிமான்கள் உண்டே. ஜெரூஷாவும் வந்தாள். எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள், ராஜகீழ்ப்பாக்கம் பியூலா ஆன்ட்டியின் மகள். நீ போகும்போது அவள் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு ஞாயிறு பள்ளிக்கு வந்திருப்பாள், உனக்கு நினைவிருக்காது.

மூங்கில் பக்கம் எட்டுப் பெட்டைகள். முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தோம். ஒன்று மட்டும் நாலடி நடப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. ஜெரூஷா கிசுகிசுத்தாள், "என்னடி இது, பஸ் ஸ்டாப்ல யாருக்கோ வெயிட் பண்ற மாதிரி பாக்குது?" நான் மானை விட்டுவிட்டு அது பார்த்த இடத்தைப் பார்த்தேன். முள்புதருக்குள் முதலில் கொம்பு தெரிந்தது, பிறகு முகம். "அடப்பாவி! இவ்ளோ நேரமா இங்கயேதான் நின்னுட்டிருந்தானா?" என்று அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள். எல்லாம் ஓடிவிட்டன.

அன்று எடுத்த போட்டோ ஒன்றை முதல் தாளோடு வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் நம் வீட்டு முகம் ஒன்றை நீ பார்க்க வேண்டும் அல்லவா.

வாழ்த்துகளுடன்,
கெசியா


விஸ்கான்சின்
10 டிசம்பர் 2023

அன்புள்ள கெசி,

நலம். உனக்கும் அப்பாவுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தபாலில் போட்டால் பண்டிகை கழிந்துதான் வரும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

போட்டோவில் இடது பக்கம் பச்சைச் சேலையில் நிற்பதுதான் ஜெரூஷாவா? இரட்டைப் பின்னல் நிஜமாகவே நினைவில்லை. பியூலா ஆன்ட்டிக்கு வேறு பிள்ளைகள் உண்டா? அவளுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லையா? அமெரிக்கா பற்றி என்ன நினைக்கிறாள்? சும்மா கேட்கிறேன்.

எனக்கு இந்த வருஷம் மான் இல்லை. ஒன்பது நாளும் போனேன். ஏழாம் நாள் ஒன்று வந்தது, நல்ல எட்டுக் கிளைக் கொம்பு. துப்பாக்கியைத் தூக்குவதற்குள் போய்விட்டது. இனி அடுத்த வருஷம்தான். பருவம் முடிந்துவிட்டால் அது அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது, தன் வழியே தனியாகப் போய்விடும். பெட்டைகள் மட்டும் அதே சோளக்கொல்லையில். குட்டி, பனி, எல்லாம் அவை பாடு. ஃபிரெடி சொல்கிறான், "அவன் லைஃபுதான் மச்சான் லைஃபு."

பதில் சீக்கிரம் போடு.

ஸ்டெபின்


செம்பாக்கம்
7 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணா,

புது வருஷ ஆராதனைக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம். எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். சுகம் என்று சொன்னேன்.

பதில் தாமதமாகிவிட்டது. பண்டிகை வேலை.

ஜெரூஷாவுக்கு இருபத்தேழு. கூடப்பிறந்தவர் இல்லை. ஐந்து வருஷமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அப்பா இல்லாத பெண் என்று ஏதாவது ஒன்று சொல்லிப் போய்விடுகிறார்கள். ஆல்டோ நன்றாகப் பாடுவாள். வாரத்தில் மூன்று நாள் பள்ளி விட்டு நம் வீட்டுக்கு வருகிறாள். அப்பாவின் பேச்சு இரண்டே வாரத்தில் அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. அவர் நோட்டில் எழுதுவதற்குச் சிவப்பு மையில் மார்க் போடுகிறாள். "ஹெச்.எம். சார், இந்த 'ழ'வுக்கு வால் எங்க? ரெண்டு மார்க் கட்" என்றாள் நேற்று. அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணித்தான் சிரிக்க வருகிறது. ஆனாலும் சிரிப்புதான். பிப்ரவரிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

அமெரிக்கா பற்றி அவளாக எதுவும் கேட்கவில்லை. உன் பழைய போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறதே, அதைத் துடைத்து நேராக மாட்டினாள். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

இம்முறை உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கவனித்தாயா?

அன்புடன்,
கெசியா


விஸ்கான்சின்
21 ஜனவரி 2024

அன்புள்ள கெசி,

சுகம். இதையும் கூரியரில் அனுப்புகிறேன், அப்பாவுக்கான தாளில் விஷயத்தை முறையாக எழுதியிருக்கிறேன், சந்தோஷப்படுவார். பியூலா ஆன்ட்டியிடம் நீயே போய்ப் பேசு. ஆயரிடம் சொல்லி ஏப்ரலில் சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டால் மே மாதம் நான் வந்து இறங்கியதும் கல்யாணம். பன்னிரண்டு நாள் லீவு கிடைக்கும்.

இப்போது உனக்கு மட்டும். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். கிரீன் கார்டு போன ஜூனிலேயே வந்துவிட்டதால் அவளுக்கு விசா போடலாம். ஆனால் மனைவிக்கு இரண்டு, மூன்று வருஷம் ஆகும் என்கிறார்கள். அதுவரை அவள் நம் வீட்டில் இருக்கட்டும். அப்பாவுக்கு அவளைப் பிடித்திருக்கிறது, பேச்சும் புரிகிறது. மருமகள் பார்ப்பது போல் வருமா? நீ ஜூலையில் நிம்மதியாக ஹைதராபாத் போகலாம். நீ கேட்டது ஆறு மாதம், உனக்கு மூன்று வருஷமே கிடைக்கிறது. யோசித்தால் எல்லாருக்கும் நல்லது.

அவளிடம் ஆறு மாதம் என்று சொல்லிவைப்போம். முதலிலேயே பெரிய கணக்குச் சொன்னால் பயந்துவிடுவாள். வேலையையும் விட்டுவிடச் சொல், ஆறு மாதத்தில் கிளம்பப்போகிறவளுக்கு வேலை எதற்கு?

நீ எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறாய் என்று உனக்கே தெரியாது.

ஸ்டெபின்


செம்பாக்கம்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணா,

இருவரும் சுகம்.

கார்டு ஜூனில் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அக்டோபரில், இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு தாள்களும் என்னிடம் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையெழுத்து ஒன்றுதான்.

இதைச் சண்டைக்காக எழுதவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

பியூலா ஆன்ட்டியைப் பார்த்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வரும்போது ஜெரூஷா கேட் வரை வந்தாள். "உண்மைய சொல்லுடி, உங்கண்ணன் எப்படி?" என்று கேட்டாள்.

"நல்லா லெட்டர் எழுதுவான்" என்றேன்.

"விசா எவ்ளோ நாள் ஆகுமாம்?"

நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

ஓலைக்கு ஆயரிடம் சொல்லியாயிற்று. ஹைதராபாத்துக்கு ரயிலில் இடம் முன்பதிவு செய்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நூற்றிருபது நாளுக்கு முன்னால் திறப்பதில்லை என்கிறார்கள். காத்திருக்கிறேன்.

கெசியா


விஸ்கான்சின்
24 நவம்பர் 2024

அன்புள்ள கெசி,

ஹைதராபாத் குளிர் எப்படி இருக்கிறது? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? ஜூலையில் போனவள், நாலு மாதமாகக் கடிதம் இல்லை. படிப்பு மும்முரம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் கிடைத்துவிட்டது! நேற்று, பருவத்தின் முதல் நாள். அதே சோளக்கொல்லை ஓரம். ஒரு பெட்டை வந்தது, நின்றது, திரும்பிப் பார்த்தது. மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். பத்துக் கிளைக் கொம்பு, கெசி! ஃபிரெடி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். தலையைப் பதப்படுத்தி ஹாலில் மாட்டப் போகிறேன். அந்தப் பெட்டை கொஞ்ச தூரம் ஓடிப் போய் நின்று மறுபடி திரும்பிப் பார்த்தது, அதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

கல்யாணம் முடிந்து நான் திரும்பியதிலிருந்து ஜெரூஷாவுடைய கடிதங்கள் வர வரச் சின்னதாகிக்கொண்டே போகின்றன. போனில் கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறாள். நீ கொஞ்சம் பேசிப் பார். உனக்குத்தான் அவளைத் தெரியும்.

அன்புடன்,
ஸ்டெபின்


செம்பாக்கம்
8 டிசம்பர் 2024

கெசியா,

மாமா சுகம். சர்க்கரை நூற்று நாற்பது. இடது கையெழுத்து நன்றாகத் தேறிவிட்டது, 'ழ'வுக்கு வால் போடுகிறார். நீ சுகமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

நவம்பர் பதிமூன்றோடு ஆறு மாதம் முடிந்தது. உன் அண்ணனைக் கேட்டேன், கொஞ்சம் இழுக்கிறது என்றார். வேளச்சேரியில் விசா வேலை பார்க்கிற ஒரு அம்மாவிடம் போனேன். "உன் ஹஸ்பண்ட் சிட்டிசனாம்மா, கிரீன் கார்டா?" என்று கேட்டார். சொன்னேன். "யாரும்மா உனக்கு ஆறு மாசம்னு சொன்னது?" என்றார். நீ சொன்னதாக நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

கல்யாணச் சான்றிதழின் நகல் கொண்டுவரச் சொன்னார். அதைத் தேடித்தான் உன் அலமாரியைத் திறந்தேன். பழைய பாடக்குறிப்பு நோட்டுகளுக்குக் கீழே அந்தத் தாள்கள் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. மறந்து வைத்துவிட்டுப் போனாயா, வேண்டுமென்றே வைத்தாயா, தெரியவில்லை. அவர் எழுதியவை மட்டும்தான் இருந்தன. நீ எழுதியவை அவரிடம் இருக்கும். ஆனால் கணக்கு வாத்தியாருக்கு விடை கிடைத்தால் கேள்வியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அன்றைக்குக் காலேஜுக்குப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வா என்றாய். இந்தப் பக்கம் நில், வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாய். நான் மானைப் பார்க்கத்தான் கூப்பிட்டாய் என்று நினைத்தேன்.

எனக்கு இதுவரை வந்தது ஐந்து கடிதம். உறையைப் பிரித்து இரண்டு தடவை உதறிப் பார்ப்பேன். ஒரே தாள்தான் விழும். அதில் மாமாவின் மாத்திரை பற்றிப் பாதி, அங்கே பெய்யும் பனி பற்றிப் பாதி. கட்டிக்கொண்டவளுக்கு இரண்டாவது தாள் கிடையாது என்று எனக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று முறை ஆயர் கேட்டார். மூன்று முறையும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இரண்டாவது ஞாயிறு என் கையைப் பிடித்தாய். உனக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

சரோஜினி அக்கா முந்தாநாள் கேட்டார், "இன்னாம்மா, துணி காயப் போட சொல்லோ, பூ கட்ட சொல்லோ, எந்நேரமும் கேட்டாண்டயே திரும்பித் திரும்பிப் பாத்துகினு கீற? யார்னா வரப் போறாங்களா?" யாரும் வரவில்லை அக்கா என்றேன். அன்றிலிருந்து திரும்பிப் பார்ப்பதை நிறுத்த முயற்சி செய்கிறேன். கழுத்துக்குப் பழகிவிட்டது. கொஞ்ச நாள் ஆகும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாள்களை நான் படித்துக்கொண்டிருந்ததை மாமா பார்த்துவிட்டார். கையை நீட்டினார். கொடுக்கவில்லை. "ரெண்டாவது தாளா?" என்றார். இத்தனை வருஷமும் உறையின் கனத்தை வைத்தே அவருக்குத் தெரியும். நீ ஒன்றை வாசித்து முடித்த பிறகும், இன்னொன்றைப் பற்றி நீயாகச் சொல்வாய் என்று காத்திருப்பாராம். படி என்றார். மாட்டேன் என்றேன். நோட்டில் 'படி' என்று எழுதிக் காட்டினார். மாலை ஜெபத்துக்கு முன் ஒவ்வொரு நாளும் ஒன்று படித்தேன். நாலு நாள். 'கொம்பு மான்' என்று வந்த இடத்தில் மட்டும் 'கலைமான்' என்று திருத்தினார். ஜனவரியில் எழுதியதைப் படித்த அன்று ஜெபம் வேண்டாம் என்றுவிட்டார்.

நேற்று உன் அண்ணன் போன் செய்தார், ஏதோ மான் தலை பற்றிச் சொன்னார். எல்லாம் படித்தாயிற்று என்று ஸ்பீக்கரில் மாமாவின் முன்னாலேயே சொன்னேன். "கெசியாகிட்ட பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

பள்ளியில் மறுபடி வேலை கேட்டேன், ஜனவரியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தருகிறார்கள். புது வருஷ ஆராதனைக்கு மாமாவை நானே அழைத்துப் போவேன். அதன் பிறகு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு, என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். நீ வருவாயா, அவர் வருவாரா என்பது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள பேச்சு. அதைப் பேசுவதற்கு உங்களுக்கென்று ஒரு தாள் இருக்கிறது. மாமாவைப் பார்க்க நான் வாரம் மூன்று நாள் வருவேன், முன்னால் வந்தது போல. அது உனக்காக இல்லை.

மாமா தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார். இடம் விடுகிறேன்.

ஜெரூஷா


கெசியா, இனிமேல் ஒரே தாளில் எழுது.
அப்பா